நிரப்பிய கட்டம்

பனிக்கு நடுவே அந்தக் கறுப்புக் கட்டம் இன்றைக்கும் இருந்தது.

இருந்துவிட்டுப் போகட்டும், இதில் என்ன அதிசயம் என்றுதான் அந்த அறையில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை செயற்கைக்கோள் உலகத்தின் உச்சந்தலையைக் கடந்துபோகும். கடலில் எங்கே பனி உறைந்திருக்கிறது, எங்கே வெறும் தண்ணீர் கிடக்கிறது என்று கட்டம் கட்டமாக அளந்து அனுப்பும். ஒரு கட்டம் ஆறு கிலோமீட்டர் அகலம். பனி என்றால் வெள்ளை, தண்ணீர் என்றால் கறுப்பு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கெட்டி வெள்ளையாகக் கிடக்கும்போது நட்டநடுவில் ஒற்றைக் கட்டம் மட்டும் கறுத்து வந்தால் அது கருவியின் கோளாறு. சுற்றியிருக்கும் கட்டங்களின் சராசரியைப் போட்டு அதையும் வெள்ளையாக்கிவிட வேண்டியதுதான். அதற்கென்றே ஸ்கிரீன் ஓரத்தில் 'நிரப்பு' என்று ஒரு பொத்தான். அலுவலகப் பேச்சில் அதற்குப் பெயர் ஓட்டை அடைப்பது. ஒன்பது வருடமாக அவள் சோறு தின்பது அந்த வேலையில்தான். ஒரு நாளைக்குப் பத்து ஓட்டையாவது அடைப்பாள்.

அன்று காலை ஒன்பது மணிக்கு வந்த படத்திலும் கை பழக்கத்தில் தானாகப் போய் அடைத்துவிட்டது. அடைத்த பிறகுதான் மனசில் என்னவோ சுருக்கென்றது. கோளாறு என்றால் இன்றைக்கு இங்கே, நாளைக்கு எங்கேயோ என்று தாறுமாறாக வரும். இந்தக் கட்டத்தை நேற்றும் அடைத்த ஞாபகம். முந்தாநாளும்.

அவள் திருத்தப் பதிவேட்டைத் திறந்தாள். பன்னிரண்டு நாள். பன்னிரண்டு கட்டம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவளுடைய இனிஷியல். எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது அவை ஒன்றையடுத்து ஒன்றாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல நேராக நின்றன. அந்தப் பருவத்தில் பனி இடது பக்கமாக நகரும். காற்று அப்படி, நீரோட்டமும் அப்படி. இந்தக் கோடோ வலது பக்கமாகப் போனது. கடலில் கிடக்கிற எதுவும் போகாத திசையில், அவசரமே இல்லாமல், ஒரு நாளைக்கு ஒரு கட்டம்.

கோட்டின் நுனியிலிருந்து விரலை அப்படியே முன்னால் நகர்த்தினாள். மூன்றாவது கட்டத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

சிவப்புப் புள்ளி என்பது முகாம். மூன்று கூடாரம், ஒரு ஜெனரேட்டர், ஐந்து மனிதர்கள். அவர்களில் ஒருவன் அவளுடைய தம்பி. பனியில் துளை போட்டு, நாடாவை இறக்கி, எத்தனை மீட்டர் கனம் என்று கையால் அளந்து சொல்வது அவன் வேலை. “நீ மேலேயிருந்து கப்சா விடுவே, நான் கீழேயிருந்து சரிபார்க்கணும், நல்ல குடும்பம்க்கா நம்மது” என்று சிரித்துக்கொண்டேதான் இரண்டு மாதத்துக்கு முன்னால் பெட்டியைத் தூக்கினான். ஏழு மாத வயிற்றோடு அவன் மனைவி இப்போது அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். அந்த வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்தவளும் அக்காவாகிய இந்தப் புண்ணியவதிதான்.

அந்த அறைக்குப் பகல் கிடையாது. ஸ்கிரீனில் வெளிச்சம் விழக்கூடாது என்று ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தார்கள். ஓரம் பிய்ந்த இடத்தில் மட்டும் வெயில் நூலாக உள்ளே இறங்கித் தரைவிரிப்பில் கிடந்தது. போன மழைக்கு ஊறிய அந்த விரிப்பு இன்னும் காயாமல் ஈரச்சாக்கு வாடை அடித்தது. தலைக்கு மேலே ஏசிக் குழாய் மூச்சை இழுத்து, கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்திருந்து, பிறகு மெதுவாக விட்டது. ஒன்பது வருடமாகக் கேட்கிற சத்தம். இன்றைக்கு ஏனோ அவள் ஒவ்வொரு தடவையும் அது மூச்சை விடுவதற்காகக் காத்திருந்தாள்.

வழக்கமாகக் காலைப் படம் ஒன்றைத்தான் பார்ப்பார்கள். மற்றவை நேராகச் சேமிப்புக்குப் போய்விடும், ஒருவரும் திறப்பதில்லை. இன்றைக்கு அவள் பத்தே முக்கால் படத்தைத் திறந்தாள்.

காலையில் அடைத்த இடம் வெள்ளையாகிவிட்டிருந்தது. அவள் வரைபடத்தில் பூசிய வெள்ளை இல்லை அது. செயற்கைக்கோளே வெள்ளை என்று அளந்து அனுப்பியிருந்தது. கறுப்பு அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தது. சிவப்புப் புள்ளிக்கு இன்னும் இரண்டு கட்டம்.

மவுஸைக் கொண்டுபோய் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் வைத்து எண்ணைப் படித்தாள். கடல்பனி என்பது வெடிப்பும் விரிசலுமாகத்தான் இருக்கும். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றெட்டு என்று வருமே தவிர முழுசாக வராது. சுற்றிலும் அப்படித்தான் இருந்தது. அவள் அடைத்த பன்னிரண்டு கட்டத்தில் மட்டும் நூற்றுக்கு நூறு. ஒரு விரிசல் இல்லை. ஒரு ஊசி நுழைய இடமில்லை.

கை பொத்தானை நோக்கிப் போனது. அவள் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முகாமோடு பேசுவதற்கென்று மேஜைமேல் ஒரு போன் உண்டு. எண்ணை அழுத்தினாள். நெடுநேரம் இரைச்சல். அப்புறம் காற்றுச் சத்தம், ஜெனரேட்டர் சத்தம், தம்பி.

“என்னக்கா, இந்நேரத்துல? நான் உயிரோடதான் இருக்கேன்.”

“வாயக் கழுவு. கனம் எவ்வளவுடா?”

“காலையில ரெண்டு மீட்டர் பத்து. இப்ப...” அவன் கொஞ்சம் தயங்கினான். “இப்ப ஒண்ணு அறுபது. நாடாதான் கோளாறுன்னு நினைக்கிறேன். ரெண்டு மணி நேரத்துல அரை மீட்டர் குறையுமா? அதுவும் இந்தக் குளிர்ல?”

“வேற எங்கயாவது ஏதாவது தெரியுதா? தண்ணி, விரிசல்?”

“ஒண்ணும் இல்லையே. சுத்திலும் வெள்ளைதான். ஏன், மேப்ல ஏதாவது இருக்கா? இங்க நீ அனுப்பின மேப்தான் செவுத்துல தொங்குது. பளிச்சுன்னு இருக்கு. நீயே கையெழுத்துப் போட்டிருக்கே.”

“சும்மாதான் கேட்டேன்” என்றாள். எதற்காக அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பன்னிரண்டு நாளும் நான்தான் மறைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

பிரிவுத் தலைவரின் அறை கூடத்தின் கோடியில். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் வெள்ளையடித்தே அனுப்புவார் என்பதால் அவருக்குச் சுண்ணாம்பார் என்று பெயர். அவர் முகத்துக்கு எதிரே யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் இரண்டாம் கையெழுத்துப் போட்டால்தான் வரைபடம் வெளியே போகும். வெளியான வரைபடத்தில் தண்ணீர் தெரிந்தால்தான் விமானி முகாமில் இருப்பவர்களை அழைத்துவரக் கிளம்புவார். அதுதான் நடைமுறை.

அவள் பன்னிரண்டு கட்டக் கோட்டைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“போன வருஷம் ஒரு ஓட்டைய அடைக்காம விட்டீங்க. ஞாபகம் இருக்கா? விமானம் போயிட்டு வந்துச்சு. என்ன இருந்துச்சு அங்க?”

“ஒண்ணும் இல்ல சார். ஆனா இது...”

“ஒண்ணும் இல்ல. அதேதான். யாரு வாங்கிக் கட்டிக்கிட்டது? நான். உங்க தம்பி அங்க இருக்காருங்கறதுக்காக எல்லாப் புள்ளியும் பேயாத் தெரிஞ்சா நான் என்னம்மா பண்றது? போய் அடைங்க.”

“சார், அடைச்சா நகருது சார்.”

சொன்ன மறுகணமே தன் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. சீக்கிரம் கழித்துக்கட்ட வேண்டிய ஒரு பழைய நாற்காலியைப் பார்ப்பவர்போலப் பார்த்தார். “வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க” என்றார்.

அவள் போகவில்லை. அடைக்கவும் இல்லை. பன்னிரண்டரைப் படத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். படம் வந்தது.

கறுப்புக் கட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஓர் அங்குலம் நகரவில்லை.

அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. அது தானாக நகரவில்லை. அவள் அடைக்க அடைக்க, அடைத்த இடம் மூடிக்கொண்டு அடுத்த இடம் திறந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு தடவை அடைத்தாள், ஒரு நாளைக்கு ஒரு கட்டம் வந்தது. தம்பியை நோக்கி அதை அடி அடியாக விரட்டிக்கொண்டு போனது வேறு யாருமில்லை. சரி, கிறுக்குத்தனம் என்றே வைத்துக்கொள்வோம். தொடாமல் இருந்தால் போதும் அல்லவா? யாரும் தொடாமல் இருந்தால் போதும்.

செல்போன் அதிர்ந்தது. தம்பி மனைவி.

“அண்ணி, சாப்பிட்டீங்களா? காலையிலேருந்து உள்ள ஒரே உதை. அவர் குரலைக் கேட்டாத்தான் அடங்கும்போல. இன்னைக்கு லைன் கிடைச்சா என்னையும் சேர்த்துவிடுங்க அண்ணி, ரெண்டு நிமிஷம்.”

அறைக்குள் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. அவள் கூடத்துக்குப் போய் நின்றுகொண்டு, சரி சரி என்று எதையோ சொல்லி, சிரிக்கக்கூடச் சிரித்து, போனை வைத்தாள். ஐந்து நிமிடம் இருக்குமா? திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் சுண்ணாம்பார் உட்கார்ந்திருந்தார். மவுஸ் அவர் கையில்.

“ஒரு ஓட்டைய அப்படியே விட்டுட்டு எழுந்து போயிட்டீங்க” என்றார். “அடைச்சாச்சு.”

அவர் போன பிறகு நாற்காலியில் அவருடைய சூடு மிச்சமிருந்தது. அவளுக்கு அதில் உட்காரவே அருவருப்பாக இருந்தது.

இரண்டேகால் படம். கறுப்பு, சிவப்புப் புள்ளியை ஒட்டியிருந்தது. பக்கத்துக் கட்டம். நடுவில் வேறு கட்டமே இல்லை.

போனை எடுக்கும்போது அவசரத்தில் தப்பான எண்ணை அழுத்தி, மறுபடி அழுத்தினாள்.

“அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்.” இப்போது குரலில் சிரிப்பு இல்லை. “நாப்பது சென்டிமீட்டர். மூணு துளை போட்டுப் பார்த்தாச்சு. மேல நல்ல குளிர், பனி உருகவே இல்ல. அடியிலேருந்து யாரோ சுரண்டி எடுக்கற மாதிரி இருக்கு. துளையிலேருந்து ஒரு வாடை வருது. துருப்பிடிச்ச இரும்பு மாதிரி.”

“கிளம்புடா. எல்லாரையும் கூட்டிக்கிட்டு, மேப்ல வலது பக்கமா ஒரு கட்டமாவது தாண்டி நட. இப்பவே!”

“ஆறு கிலோமீட்டரா? சாமானெல்லாம்...”

“சாமான் நாசமாப் போகட்டும்! நான் சொல்றதக் கேளுடா. இடது பக்கம் பெரிய ஓட்டை இருக்கு. பன்னெண்டு நாளா வருது. நான்தான் அடைச்சு அடைச்சு மறைச்சேன். நான்தாண்டா.”

அந்தப் பக்கம் ஜெனரேட்டர் மட்டும் ஓடியது.

“சரிக்கா” என்றான் மெதுவாக. “கிளம்பறோம். ரெண்டு பேர் வெளிய அளக்கப் போயிருக்காங்க. வந்ததும் கிளம்பறோம். நீ அழாதே.”

போனை வைத்ததும் அவள் ஸ்கிரீனுக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மவுஸை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தண்ணீர் குடிக்கவில்லை. பாத்ரூமுக்குப் போகவில்லை. ஏசி மூச்சை இழுத்தது. விட்டது. கறுப்புக் கட்டம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அவசரம் ஒன்றுமில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது காலடிச் சத்தம் கேட்டது.

“இன்னைய மேப் எங்க?”

“இன்னைக்கு வேண்டாம் சார். ஒரு நாள். ஒரே ஒரு நாள் விட்டுடுங்க சார்.”

“எழுந்திரிங்க.”

“அவங்க நடந்துக்கிட்டிருக்காங்க சார். இன்னும் ஒரு மணி நேரம் குடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

அவர் கால்களை நகர்த்திக்கொண்டார். பிறகு பக்கத்து மேஜைக்குப் போய், அங்கிருந்த கணினியில் தன் கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்தார். அவள் எழுந்து ஓடுவதற்குள், ஒரே தட்டு. பெரிய சத்தம்கூட இல்லை.

“நாளைக்கு வராதீங்க” என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

நாலு மணிப் படம் மேலிருந்து கீழாக இறங்கியது.

சிவப்புப் புள்ளி கறுப்புக்குள் இருந்தது.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். ஒரே கூச்சல். பனி முறிகிற ஓசை.

“அக்கா! பிளந்துடுச்சுக்கா! அளக்கப் போனவங்க வந்ததும் இப்பதான் கிளம்பினோம், நாலு எட்டு வைக்கல, அப்படியே... ரெண்டு பேர் விழுந்துட்டாங்க... கயித்தைப் பிடிச்சிருக்கோம்...”

“ஏறு! மேல ஏறுடா!”

“ஏற எடமே இல்ல! எல்லாப் பக்கமும் கறுப்பா... அக்கா, கால இழுக்குது...”

அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. அடைத்தால் மூடும். மூடிவிட்டு வேறு பக்கம் போகும். பதினான்கு தடவை அப்படித்தான் நடந்தது. எங்கே வேண்டுமானாலும் போகட்டும். அவனை விட்டுப் போகட்டும்.

கட்டத்தின் மேல் வைத்தாள்.

நிரப்பு.

கூச்சல் நின்றது.

நடுவில் அறுந்த மாதிரி, சட்டென்று. அவள் மூச்சுவிடாமல் நின்றாள். ஏசியும் மூச்சுவிடவில்லை.

“அக்கா.”

“டேய்... டேய், என்ன ஆச்சுடா?”

“மூடிக்கிச்சுக்கா.” அவன் குரல் தெளிவாக, மிகப் பக்கத்தில் கேட்டது. “அஞ்சு பேரும் இருக்கோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல.”

அவள் மேஜைமேல் தலையை வைத்து ஓவென்று அழுதாள். கடவுளே, கடவுளே என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது. இரு, உன் பெண்டாட்டியை லைனில் சேர்க்கிறேன் என்று செல்போனைத் தேடினாள்.

தேடிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தாள். போனில் காற்றுச் சத்தம் இல்லை. ஜெனரேட்டர் இல்லை. பின்னால் யாரும் பேசவில்லை.

“மத்தவங்க எங்கடா?”

“இங்கதான், பக்கத்துல நிக்கறாங்க.”

“ஏன் பேச மாட்டேங்கறாங்க?”

“தெரியல. குளிரே இல்லக்கா இப்ப.”

முகாம் ஓரத்தில் ஒரு மிதவையை நட்டு, அதன் தலையில் கேமரா வைத்திருந்தார்கள். பனி உடைந்தாலும் மூழ்காது. கேட்டால் படம் அனுப்பும். அவள் கேட்டாள்.

படம் வரிவரியாக இறங்கியது. வானம். மறையாத சூரியன். தொடுவானம். கீழே பனி. கூடாரம் இல்லை. ஜெனரேட்டர் இல்லை. ஒரு காலடித் தடம் இல்லை. ஒரு விரிசல் இல்லை. கழுவித் துடைத்த கண்ணாடியாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வழுவழுவென்று கறுத்த பனி.

இன்னும் சில வரி இறங்கியது.

கண்ணாடிக்கு அடியில் ஐந்து பேர் நின்றார்கள். நேராக. தோளோடு தோள் ஒட்டி. ஒருவனுடைய கை மட்டும் மடங்கி, காதோடு இருந்தது.

“அவகிட்ட சொல்லுக்கா” என்றான் தம்பி. “பாப்பா பொறக்கறதுக்குள்ள வந்துடுவேன்னு சொல்லு.”

அவள் கேமராவிடம் இன்னொரு படம் கேட்டாள்.

“லைன்ல இருக்கியா?”

அடுத்த படம் வந்தது. ஐந்து முகமும் இப்போது நிமிர்ந்து கேமராவைப் பார்த்தன. போன் வைத்திருந்தவன் பேசுகிறவன்போல வாயைத் திறந்திருந்தான். பல்லுக்குப் பின்னால், தொண்டைக்குழி வரை, வாய் முழுக்கப் பனி இறுகியிருந்தது.

“அக்கா?” என்று ஸ்பீக்கரில் சிரித்தான். “ஏன்க்கா பேச மாட்டேங்கறே?”